இரைப்பைச் சிரையின் தனி வழக்கு

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. முன்னே போக வழி இல்லாத ரத்தம் பக்கவழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேல்முகட்டிலும் இருக்கும் சின்னஞ்சிறு சிரைகள் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு வீங்குகின்றன. அவற்றில் ஒன்று கிழிந்தால் ரத்தம் ரத்தமாக வாந்தி வரும், மலம் தார் நிறத்தில் போகும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். இந்த இரண்டு இடத்துச் சிரைகளையும் மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒரே நோயாகத்தான் பார்த்தது. உணவுக்குழாய்க்கு எந்தச் சிகிச்சை கண்டுபிடிக்கப்பட்டதோ அதையே இரைப்பைக்கும் செய்து பார்த்தார்கள். பலிக்காதபோது, நோய் முற்றிவிட்டது என்று பழியை நோயின்மேல் போட்டார்கள். இரைப்பைச் சிரையிலிருந்து மறுபடி ரத்தம் வராமல் தடுக்கும் எண்டோஸ்கோப்பி சிகிச்சையின் கதையை வழக்கமாகக் கருவிகளின் கதையாகச் சொல்வார்கள்: முதலில் மருந்தூசி, பிறகு பசை, பிறகு ரப்பர் வளையம், பிறகு உலோகச் சுருள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. இரைப்பைச் சிரையை உணவுக்குழாயின் கணக்கிலிருந்து பிரித்துத் தனி நோயாக எண்ணத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கருவிகளில் எது எங்கே உதவும் என்பதே தெரியவந்தது. உண்மையான திருப்பம் அந்தப் பிரிப்புதான்.

பழைய காலத்திலிருந்து தொடங்கலாம். 1877இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் எக் என்ற இளம் அறுவை மருத்துவர் நாய்களின் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்துக் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி ஒன்றைப் போட்டார். 1893இல் பாவ்லோவும் சகாக்களும் அதே அறுவையைச் செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தள்ளாடின, வெறிகொண்டன, மயங்கி விழுந்தன. கல்லீரலைத் தாண்டிப் போகும் ரத்தம் மூளையைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது. இருந்தும் 1945இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிளின் குழு மனிதர்களுக்கு அந்த இணைப்பைச் செய்யத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகள் அதுதான் பெரிய சிகிச்சை. மறுபடி ரத்தம் வருவது நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒப்பீட்டு ஆய்வுகள் வரவர, நோயாளிகள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை என்பது தெரிந்தது. ரத்தப்போக்கில் தப்பியவர்களில் பலர் மூளைக் குழப்பத்திலும் கல்லீரல் செயலிழப்பிலும் மாட்டிக்கொண்டார்கள். எகிப்தில் ஹசாபும் ஜப்பானில் சுகியூராவும் வேறு வழியில் போனார்கள்: மண்ணீரலை எடுத்துவிட்டு, இரைப்பையின் மேல்பகுதிக்கு வரும் சிரைகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தார்கள். இரைப்பையை நேரடியாகக் கருத்தில்கொண்ட முதல் பெரிய முயற்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீரும் உள்ளவர் அவ்வளவு பெரிய அறுவையைத் தாங்குவது அபூர்வம்.

எண்டோஸ்கோப்பி வழியின் தொடக்கம் ஸ்வீடன். 1939இல் கிளாரன்ஸ் கிராஃபூர்டும் பால் ஃபிரெங்க்னரும், வளையாத உலோகக் குழாய் ஒன்றை நோயாளியின் உணவுக்குழாய்க்குள் இறக்கி, வீங்கிய சிரைகளில் குயினின் கலந்த மருந்தை ஏற்றி அவற்றைச் சுருக்கியதாக எழுதினார்கள். சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி, அங்கேயே ரத்தத்தை உறையவைத்து, தழும்பாக்கி மூடுவது அதன் தத்துவம். விப்பிளின் அறுவை புகழ்பெற்றதும் இந்த ஊசி ஏறக்குறைய மறக்கப்பட்டது. பெல்ஃபாஸ்டில் ஜான்ஸ்டனும் ரோஜர்ஸும் மட்டும் விடாமல் செய்துவந்து, 1973இல் 15 ஆண்டு அனுபவத்தை வெளியிட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான ரத்தப்போக்குகளை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரைப்பையின் மேல்முகடு உணவுக்குழாய் வந்து சேரும் வாயிலுக்கும் மேலே, இடப்பக்கமாக மறைந்திருக்கிறது. நேராக இறங்கும் குழாய்க்கு அது தெரியவே தெரியாது. 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் கண்ணாடியிழைக் கருவியைக் கொண்டுவந்து, பின்னால் வந்தவர்கள் அதன் முனையை முழுதாகத் திருப்பி மேலே பார்க்கும்படி செய்த பிறகே அந்தச் சிரைகள் மருத்துவரின் கண்ணில் சரியாகப் பட்டன. கண்ணில் படாதவரை அவற்றுக்கென்று தனிச் சிகிச்சை ஏது? அதுவரை இரைப்பையில் ரத்தம் வந்தால், 1950இல் வந்த செங்ஸ்டேக்கன்-பிளேக்மோர் குழாயையோ, இரைப்பைக்குள் பெரிய ஒற்றைப் பலூனை ஊதி இழுத்துப் பிடிக்கும் லின்டன் குழாயையோ நம்ப வேண்டியிருந்தது. பலூன் ஊதியிருக்கும்வரை ரத்தம் நிற்கும். காற்றை இறக்கியதும் பலருக்குத் திரும்பவும் வரும்.

உணவுக்குழாயில் வென்ற மருந்தூசி இரைப்பையில் தோற்றதற்குக் காரணம் உடற்கூறு. உணவுக்குழாயின் கடைசி ஐந்து சென்டிமீட்டரில் சிரைகள் சவ்வுக்குச் சற்றே அடியில், மெல்லிய இணைக்கம்பிகளாக ஓடுகின்றன. இரைப்பையின் முகட்டில் அவை ஆழத்தில், சவ்வின் கீழ்ப்படலத்தில், திராட்சைக் குலைபோல் திரண்டிருக்கின்றன. அவற்றின் வழியே பாயும் ரத்தத்தின் அளவு பல மடங்கு. அந்த ஓட்டத்தில் விட்ட மருந்து சிரையின் சுவரைத் தொடும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும். கூடுதலாக மருந்து விட்டால் காய்ச்சலும் நெஞ்சுவலியும் வரும், ஊசி குத்திய இடம் புண்ணாகும், அந்தப் புண்ணிலிருந்தே ரத்தம் பீறிடும். எண்பதுகளில் வெளியான தொகுப்புகளில், ஊசியால் அப்போதைக்கு ரத்தம் நின்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது திரும்பியிருக்கிறது. அன்றைக்கு ரத்தத்தை நிறுத்துவதும் அடுத்த முறை வராமல் தடுப்பதும் ஒரே வேலை அல்ல என்பதற்கு இரைப்பையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

பசையின் பிறப்பு மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நடந்தது. 1942இல் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர், போர்த்துப்பாக்கியின் குறிக்கண்ணுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருள் கைக்கு வந்தது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் உதவாது என்று ஒதுக்கிவிட்டார். 1951இல் அவருடைய சகா ஃபிரெட் ஜாய்னர் அதே பொருளை ஆய்வுக்கருவி ஒன்றின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு நடுவே தடவ, அவை பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. விலையுயர்ந்த கருவி பாழானதில் பசையின் அருமை புரிந்தது. 1958இல் கடைக்கு வந்தது. ஈரம் பட்ட நொடியில் இறுகும் இந்தக் குணத்தால், வியட்நாம் போரில் காயத்தின் மேல் தெளித்து ரத்தத்தை நிறுத்தவும் பார்த்தார்கள். வீட்டில் செருப்பு ஒட்டப் பயன்படும் வகை உடலுக்குள் வேகமாகச் சிதைந்து திசுவை எரிச்சலூட்டும். வேதிச்சங்கிலி நீளமான பியூட்டைல் வகை மெல்லச் சிதைவதால் உடல் அதைப் பொறுத்துக்கொள்கிறது. ஹிஸ்டோஅக்ரில் என்ற பெயரில் அரை மில்லி நீலக் குப்பியாக ஐரோப்பிய அறுவை அரங்குகளில் அது தோல் காயம் ஒட்ட இருந்தது. 1986இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பணியாற்றிய, இந்தோனேசியாவில் பிறந்த நிப் சோஹேந்திரா, இதே குடும்பத்துப் பசையைப் பெரிய சிரைகளுக்குள் எண்டோஸ்கோப்பி வழியே செலுத்தி அடைத்ததாக அறிவித்தார். மருந்து சுவரைப் புண்ணாக்கித் தழும்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பசை ரத்தத்தைத் தொட்ட மாத்திரத்தில் கல்லாகி ஓட்டத்தையே அடைத்துவிட்டது.

செய்முறையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்தால் இதில் எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும் என்பது விளங்கும். நோயாளி இடப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பார். பசை தெறித்தால் கண் போய்விடும் என்பதால் அவர் கண்ணை மூடியிருப்பார்கள்; மருத்துவரும் செவிலியரும் கண்ணாடி போட்டிருப்பார்கள். கருவியின் முனையிலும் உள்வழியிலும் எண்ணெய் தடவியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு துளி கசிந்தாலும் பல லட்சம் ரூபாய்க் கருவி அடைத்துக்கொள்ளும். அரை மில்லி பசையோடு லிபியோடால் என்ற, கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த திரவத்தை முக்கால் மில்லி அளவில் கலப்பது சோஹேந்திரா பள்ளியின் முறை. எண்ணெய் கூடினால் பசை தாமதமாக இறுகி, ரத்த ஓட்டத்தோடு நுரையீரலுக்கு ஓடிவிடும். குறைந்தால் ஊசிக்குள்ளேயே இறுகிப்போகும். ஊசியைச் சிரைக்குள் குத்தி, ஒரே மூச்சில் பசையைத் தள்ளி, பின்னாலேயே வடிநீரைத் தள்ளி, நொடி தாமதிக்காமல் ஊசியை உருவ வேண்டும். தயங்கினால் ஊசி சிரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மழுங்கிய குழாய்முனையால் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். கல்போல் இருந்தால் அடைபட்டது. மெத்தென்று அமுங்கினால் இன்னொரு ஊசி. வாரங்களோ மாதங்களோ கழித்து அந்தப் பசைக்கட்டி தானாகவே சவ்வைப் பிளந்துகொண்டு இரைப்பைக்குள் உதிரும். அது உதிரும் காலத்தில் அடியில் சிரை முழுதாக மூடியிருந்ததா இல்லையா என்பதில்தான் மறுரத்தப்போக்கின் தலைவிதி இருக்கிறது.

இத்தனைக்கும் எண்பதுகளின் கடைசிவரை மருத்துவ இதழ்கள் உணவுக்குழாய்ச் சிரை, இரைப்பைச் சிரை என்று இரண்டையும் பெரும்பாலும் ஒரே பட்டியலில்தான் எண்ணின. அதை மாற்றியது டெல்லி. ஜி.பி. பந்த் மருத்துவமனையில் ஷிவ் குமார் சரினின் குழு, போர்ட்டல் அழுத்தம் ஏறிய 568 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1992இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரைப்பைச் சிரை இருந்தது. அவை உணவுக்குழாய்ச் சிரைகளைவிடக் குறைவான பேருக்கே ரத்தம் விட்டன: 64 சதவீதத்துக்கு எதிராக 25 சதவீதம். ஆனால் விட்டபோது கடுமையாக விட்டன. ஏற்ற வேண்டிய ரத்தப் பைகள் கூடுதல். அந்தக் குழு அவற்றை இருக்கும் இடத்தை வைத்து நான்காகப் பிரித்தது. உணவுக்குழாயிலிருந்து இரைப்பையின் சிறுவளைவோரம் தொடர்ந்து இறங்குவது ஜி.ஓ.வி. 1. உணவுக்குழாயிலிருந்து மேல்முகட்டுக்கு ஏறுவது ஜி.ஓ.வி. 2. உணவுக்குழாயில் எதுவும் இல்லாமல் மேல்முகட்டில் மட்டும் தனித்திருப்பது ஐ.ஜி.வி. 1. இரைப்பையின் வேறு இடங்களில் சிதறிக்கிடப்பது ஐ.ஜி.வி. 2. முதல் வகையில் எட்டில் ஒருவருக்குக்கூட ரத்தம் வரவில்லை. முகட்டில் தனித்திருந்த வகையிலோ நாலில் மூன்று பேருக்கு மேல் வந்தது. எத்தனையோ கருவிகள் செய்யாத காரியத்தை இந்த எளிய நான்கு கட்டங்கள் செய்தன. அதுவரை 'இரைப்பைச் சிரை' என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்தவற்றில் எது சாது, எது ஆபத்து என்பது பிரிந்துவிட்டது.

ஜப்பானிலிருந்து இதற்குத் துணைச் சான்று ஏற்கெனவே வந்திருந்தது. 1988இல் வட்டனாபேயும் சகாக்களும் 230 நோயாளிகளின் போர்ட்டல் சிரைக்குள் குழாய் செலுத்திப் பார்த்தபோது, பெரிய இரைப்பைச் சிரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரைப்பையிலிருந்து இடது சிறுநீரகச் சிரைக்கு அகலமான இயற்கை வழி ஒன்று திறந்திருந்தது. அவர்களுடைய போர்ட்டல் அழுத்தம் உணவுக்குழாய்ச் சிரை உள்ளவர்களைவிடக் குறைவு. உணவுக்குழாய்க்குப் பொருந்தும் பாடம், அழுத்தம் 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே வந்தால் ரத்தம் வராது என்பது. முகட்டுச் சிரையோ 12க்குக் கீழேயும் கிழிகிறது. அங்கே ஆபத்தைத் தீர்மானிப்பது அழுத்தத்தைவிடச் சிரையின் பருமனும் ஓட்டத்தின் அளவும். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் அறுவையும் ஏன் இங்கே பாதிப் பயனே தந்தன என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

பிரித்துப் பார்த்ததே திருப்பம் என்ற என் வாதத்துக்கு முதல் மறுப்பு உடனே வரும்: சோஹேந்திராவின் பசை 1986, சரினின் வகைப்பாடு 1992, கருவி முதலில் வந்ததே, பிறகு பிரித்துப் பார்த்தது எப்படித் திருப்பமாகும்? தேதிகள் சரிதான். ஆனால் சோஹேந்திரா பசையை உணவுக்குழாய், இரைப்பை இரண்டிலும் போட்டார். தலைப்பிலேயே இரண்டும் சேர்ந்திருந்தது. பசைக்கு உரிய இடம் எது என்பது அப்போது யாருக்கும் தெளிவில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் டென்வரில் கிரெக் ஸ்டீக்மேன், மூலநோய்க்கு ரப்பர் வளையம் போடும் பழைய உத்தியை எண்டோஸ்கோப்பி முனைக்குக் கொண்டுவந்தார். 1992இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் வளையம் மருந்தூசியை வென்றது. உணவுக்குழாயில் இன்றுவரை அதுவே ராஜா. பழைய பழக்கம் உடனே தலைதூக்கியது: உணவுக்குழாயில் வென்றதை இரைப்பையிலும் போட்டுப் பார்ப்போம். பிரித்துப் பார்க்கும் கண் இல்லாமலிருந்தால் அந்த முடிவே நிலைத்திருக்கும். வகை பிரித்த பிறகு தைவானில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. கவுசியுங்கில் லோவின் குழு 2001இல் 60 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தது: பசை போட்டவர்களில் 31 சதவீதத்துக்கும், வளையம் போட்டவர்களில் 54 சதவீதத்துக்கும் மறுபடி ரத்தம் வந்தது. தைப்பேயில் டானின் குழு 2006இல் 97 பேரைப் பிரித்தது. பாய்ந்துகொண்டிருந்த ரத்தத்தை நிறுத்துவதில் இரண்டும் சமம். ஆனால் பின்னால் மறுபடி வந்தது பசையில் 22 சதவீதம், வளையத்தில் 44 சதவீதம்.

இரண்டாவது ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றிரவு அவசர அறையில் நிற்கும் மருத்துவருக்கு இரண்டு கருவியும் ஒன்றுதான். ரத்தம் நின்றுவிட்டது, நோயாளி பிழைத்துவிட்டார். வித்தியாசம் தெரிவது மாதங்கள் கழித்து, அநேகமாக வேறொரு மருத்துவரிடம். ரப்பர் வளையம் சிரையின் மேல்பகுதியை மட்டும் உறிஞ்சிக் கவ்வுகிறது. முகட்டுச் சிரையின் அடிவேர் ஆழத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாளில் வளையம் உதிர்ந்ததும் அந்த ஓடும் சிரையின் தலைமேல் ஒரு புண் எஞ்சுகிறது. சிறுவளைவோரம் இறங்கும் முதல் வகையில் இந்தச் சிக்கல் குறைவு. அது உணவுக்குழாய்ச் சிரையின் கிளையே என்பதால் வளையம் அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. ஆக, வளையமா பசையா என்று பொதுவாகக் கேட்டால் பதிலே இல்லை. எந்த வகைச் சிரைக்கு என்று சேர்த்துக் கேட்டால் பதில் இருக்கிறது.

பசையையும் ஒரு தடவை போட்டதோடு விட்டால் பாதி வேலைதான். ஹாங்காங்கில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வொன்று, மேலே கல்லாகத் தெரிந்த சிரையின் அடியில் ரத்தம் இன்னும் ஓடுவதை ஒலியலைக் கருவி பொருத்திய எண்டோஸ்கோப் காட்டிக்கொடுப்பதையும், ஓட்டம் முழுதாக நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பசை செலுத்தினால் பிற்கால ரத்தப்போக்கு குறைவதையும் பதிவுசெய்தது. சில வார இடைவெளியில் மீண்டும் பார்த்து, மீண்டும் அடைத்து, மூடியதை உறுதிசெய்வது அதன் பிறகு வழக்கமாயிற்று. மாத்திரையே போதாதா என்ற கேள்வியும் எழுந்தது. பாரிஸில் லெப்ரெக் எண்பதுகளின் தொடக்கத்திலேயே புரோப்ரனோலால் மாத்திரை ரத்தப்போக்கு திரும்புவதைக் குறைப்பதாகக் காட்டியிருந்தார். மலிவு, விழுங்க எளிது. 2010இல் டெல்லியில் மிஸ்ராவும் சரினும் அதை இரைப்பைச் சிரையில் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். முகட்டுப் பக்கச் சிரையிலிருந்து ரத்தம் விட்டுத் தப்பிய 67 பேர். பாதிப் பேருக்குத் தொடர்ந்து பசை, பாதிப் பேருக்கு மாத்திரை. மறுபடி ரத்தம் வந்தது பசைக்காரர்களில் 15 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 55 சதவீதம். இறந்தவர்கள் முறையே 3, 25 சதவீதம். பிறகு தைவானில் 95 பேரிடம் பசையோடு மாத்திரையையும் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் தெரியவில்லை. உணவுக்குழாயில் வளையமும் மாத்திரையும் சேர்ந்தால் தனித்தனியைவிட நல்லது என்பது உறுதியான பாடம். இரைப்பையில் அதே கூட்டல் பலிக்கவில்லை. தனி நோய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த எண்கள் சின்னவை என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. 60, 97, 67 என்பவை பெரிய ஆய்வுகள் அல்ல. பெரும்பாலும் ஒரே மருத்துவமனையில் நடந்தவை. இந்தக் குறை இந்தத் துறையின் பிறவிக்குறை. போர்ட்டல் அழுத்தம் ஏறியவர்களில் ஐந்தில் ஒருவருக்கே இரைப்பைச் சிரை, அதில் ஒரு பகுதிக்கே முகட்டில், அதிலும் ஒரு பகுதிக்கே ரத்தம் வருகிறது. ஆயிரம் பேரைச் சேர்ப்பது எளிதல்ல. ஆனால் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் செய்த ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வதற்கு ஒரு கனம் உண்டு. இதைவிடக் கூர்மையான மறுப்பு உயிரைப் பற்றியது. கல்லீரல் வழியே உலோக வலைக்குழாய் பதித்து அழுத்தத்தை வடிக்கும் டிப்ஸ் முறையைப் பசையோடு லோவின் குழு 2007இல் ஒப்பிட்டது. 72 பேரில், இரைப்பைச் சிரையிலிருந்து ரத்தம் திரும்பியது டிப்ஸில் 11 சதவீதம், பசையில் 38 சதவீதம். ஆயுளிலோ வித்தியாசம் இல்லை. மறுபடி ரத்தம் வராமல் தடுப்பது ஆயுளைக் கூட்டாவிட்டால் அதை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். விப்பிள் காலத்திலிருந்து கேட்கப்படும் நியாயமான கேள்வி இது. கல்லீரல் முற்றாகக் கெட்டவரின் ஆயுளைத் தீர்மானிப்பது கல்லீரல். சிரையை அடைத்து அதை மாற்ற முடியாது. ஆனால் எல்லா நோயாளிகளும் அப்படியல்ல. நம் நாட்டில் கல்லீரல் நன்றாக இருந்தும், போர்ட்டல் சிரை கல்லீரலுக்கு வெளியே அடைபட்டதால் ரத்த வாந்தி எடுக்கும் சிறுவர்களும் இளைஞர்களும் கணிசம். அவர்களைக் கொல்லக்கூடியது பெரும்பாலும் ரத்தப்போக்கு ஒன்றுதான். அதைத் தடுத்தால் முழு ஆயுள் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு டெல்லி ஆய்வில் இறப்பும் குறைந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பசை குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. சீனாவில் 753 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை 2010இல் வந்தது. கட்டி சீக்கிரமே உதிர்ந்து ரத்தம் வந்தது 4.4 சதவீதம், ரத்தத்தில் கிருமி பரவியது 1.3 சதவீதம், பசைத் துணுக்கு தொலைவுக்குப் போய் அடைத்தது 0.7 சதவீதம். குறைவுதான், ஆனால் நுரையீரலையோ மண்ணீரலையோ அடைத்தவருக்கு அது சதவீதக் கணக்கல்ல. அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்ததில்லை. மூளை ரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கு 2000ஆம் ஆண்டில் தந்த ஒப்புதலை வைத்து அனுமதிக்கு வெளியே பயன்படுத்துகிறார்கள். அதனால் அங்கே டிப்ஸ் முன்னே போனது, ஆசியாவில் பசை முன்னே போனது. மருத்துவம் சான்றை மட்டும் வைத்து நகர்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த உலக வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

கதிரியக்க மருத்துவர்கள் வந்த பிறகு எண்டோஸ்கோப்பியின் காலமே முடிந்துவிட்டது என்பது கடைசி மறுப்பு. 1996இல் ஜப்பானில் கனகாவா 32 பேரிடம் செய்த முறை அழகானது: தொடையிலிருந்து இடது சிறுநீரகச் சிரை வழியே பின்பக்கமாக ஏறி, அந்த இயற்கை வழியைப் பலூனால் அடைத்து, வடிகாலில்லாமல் தேங்கிய சிரைக்குள் மருந்தை நிரப்புவது. பி.ஆர்.டி.ஓ. என்ற பெயரில் பரவியது. 2021இல் சீனாவில் 64 பேரிடம் பசையோடு ஒப்பிட்டபோது ரத்தம் திரும்புவது இதில் குறைவு; ஆயுளில் மீண்டும் வித்தியாசமில்லை. என் வாதத்துக்கு இது எதிர்ச்சான்று ஆகாது, துணைச்சான்று. 1988இல் வட்டனாபே கண்ட அந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சிகிச்சையே பிறந்திருக்காது. உணவுக்குழாய்ச் சிரைக்கு இதைச் செய்ய முடியாது என்பதே இரண்டும் வேறு என்பதற்கு ருசு. எண்டோஸ்கோப்பியும் சும்மா இருக்கவில்லை. செவில்லில் ரொமெரோ-காஸ்ட்ரோவின் குழு 2007இல் ஒலியலை வழிகாட்ட, சிரைக்கு ரத்தம் கொண்டுவரும் ஊட்டுசிரையைக் குறிவைத்துப் பசை செலுத்தியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பின்மோலர் 2011இல் 30 பேரிடம், இழை பதித்த உலோகச் சுருளை முதலில் சிரைக்குள் விட்டு, அதில் சிக்கிக்கொள்ளும்படி பசையை ஏற்றினார். சுருள் சாரமாக நிற்பதால் குறைந்த பசை போதும், அது நுரையீரலுக்கு ஓடும் வாய்ப்பும் குறைவு. மூடியதை அந்த மேசையிலேயே திரையில் பார்த்துவிடலாம். இதற்கான செலவும் பயிற்சி பெற்ற கைகளும் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு வந்து சேர இன்னும் காலம் ஆகும். ஊசியும் பசையும் அதுவரை அங்கே முதல்நிலை ஆயுதம்.

பிரித்துப் பார்ப்பதன் பலனை இன்னொரு பக்கமும் காணலாம். தனித்த முகட்டுச் சிரை இருந்தாலே கல்லீரல் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. நாட்பட்ட கணைய அழற்சி பக்கத்தில் ஓடும் மண்ணீரல் சிரையை அடைத்தாலும் இதே சிரை வீங்கும். கல்லீரல் அப்பழுக்கில்லாமல் இருக்கும். கணையக் கற்கள் அதிகம் காணப்படும் தென்னிந்தியாவில் இது ஏட்டுச் செய்தியல்ல. அப்படிப்பட்டவருக்கு மண்ணீரலை எடுத்தால் தீர்ந்தது. காரணத்தைத் தேடாமல் மாதாமாதம் பசை ஏற்றிக்கொண்டிருப்பது வீண்.

இத்தாலியின் பவேனோவில் தொடங்கிய வல்லுநர் மாநாட்டு வரிசையில் 2021இல் உருவான ஏழாவது ஒப்பந்த அறிக்கை, முகட்டுச் சிரைகளுக்குப் பசையையும், தகுதியானவர்களுக்கு டிப்ஸையும் உணவுக்குழாயிலிருந்து தனியாகவே எழுதுகிறது. ஆனால் நம் மருத்துவமனைகளில் எழுதித் தரும் வெளியேற்றச் சீட்டுகளில் இந்தப் பிரிவினை எப்போதும் இடம்பெறுவதில்லை. ரத்த வாந்தி எடுத்துத் தப்பியவரோ அவர் வீட்டாரோ அந்தச் சீட்டில் இரண்டு விவரங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும்: சிரை எந்த வகை, ஜி.ஓ.வி. 1ஆ, ஜி.ஓ.வி. 2ஆ, ஐ.ஜி.வி. 1ஆ; சிரை மூடியதா என்று பார்க்க அடுத்த எண்டோஸ்கோப்பி எந்தத் தேதியில். இரண்டாவது முறை ரத்தம் வரும்போது வேறு ஊரில் வேறு மருத்துவர் முன் நிற்க நேரலாம். அந்த இரண்டு வரி கையில் இருந்தால் அவர் தவறான கருவியை எடுக்க மாட்டார்.